திரை தந்த கதவு: வேலூர்ப் பகுதியில் பெண்களின் உயர்கல்வி

சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அம்மருத்துவமனை, ‘சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரிய விக்டோரியா மருத்துவமனை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கியிருந்தது. ‘சாதி’ என்றது உயர்சாதி இந்துப் பெண்களை. ‘கோஷா’ என்றது திரைக்குப் பின்னே வாழ்ந்த இசுலாமியப் பெண்களை. பிற ஆடவர் கண்ணில் படலாகாது என்று இல்லத்துள் வைக்கப்பெற்ற பெண்களுக்குப் பெண்ணே மருத்துவம் பார்த்தல் வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரில் வெளிப்படையாகவே நிற்கிறது.

தமிழகத்துப் பெண்கள் உயர்கல்விக்கூடத்தின் படியேறிய வரலாற்றை ஆராய்வார்க்கு இந்தத் திரை ஒரு திறவுகோலாகும். பெண்ணுக்கு அறிவுரிமை உண்டு என்ற கொள்கையின் வலிமையால் மட்டும் அக்கதவு திறக்கவில்லை. திரைக்குப் பின்னிருக்கும் பெண்ணுக்குத் தொண்டு செய்ய இன்னொரு பெண் தேவை என்ற வாதமே காலனிய ஆட்சியிலும் கிறித்தவச் சமயப் பணியிலும் எளிதில் செல்லுபடியாயிற்று. அவ்வாதமே பெண் எதைப் படிக்கலாம், எவ்வளவு படிக்கலாம், படித்து யாருக்குப் பயன்படலாம் என்பவற்றுக்கும் வரம்பு கட்டியது. இதற்கு நம் பாலாற்றங்கரையைக் காட்டிலும் தெளிவான சான்று வேறோரிடத்தில் கிடைப்பது அரிது. வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல் தோன்றியது. அதே ஆற்றங்கரையில் வாணியம்பாடியில் தோல் வணிகரின் கொடையால் இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரரசும் பெண்கல்வியும்

ஆங்கிலேயர் தம் நாட்டில் பெண்களுக்கு அளித்துவந்த கல்வியுரிமையை இங்கும் கொணர்ந்து அளித்தனர் என்று கருதுவோர் உளர். காலவரிசை அக்கருத்துக்கு இடந்தரவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் மருத்துவம் பயிலச் சேர்ந்த சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவர்தம் தோழியரும் மாணவர் கலகத்துக்கு ஆளாகி, இறுதியில் பட்டமும் மறுக்கப்பெற்றனர். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டத்தின் வாயிலைத் திறந்தது 1878இல்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டவுரிமை வழங்க 1948 வரை காலம் தாழ்த்தியது.

இந்நிலையில், 1875இலேயே சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரே மேலே சுட்டிய மேரி ஷார்லீப். இதற்குத் துணைநின்றவர் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த எட்வர்டு பால்ஃபர். தாய்நாட்டில் எதிர்க்கப்பெற்ற ஒன்று குடியேற்ற நாட்டில் ஏற்கப்பெற்றதற்குக் காரணம் இங்குள்ள திரையே. இந்தியப் பெண்ணின் ஒதுக்கம் ஆங்கிலப் பெண்ணுக்கு ஒரு தொழில்வாழ்வைத் தேடித் தந்தது. ஷார்லீப் பின்னர் இலண்டன் சென்று மருத்துவப் பட்டம் பெற்று மீண்டும் சென்னைக்குத் திரும்பினார். இந்தியப் பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே மருத்துவ உதவி அளிக்கும் நோக்குடன் டஃபரின் சீமாட்டியின் நிதியம் 1885இல் அமைந்ததும் இவ்வகை எண்ணத்தின் தொடர்ச்சியே.

நம் நாட்டுப் பெண்களும் அவ்வாயிலில் நுழையத் தயங்கவில்லை. ஆங்கிலத்தில் ‘சகுணா’ என்னும் புதினத்தை எழுதிய கிருபாபாய் சத்தியநாதன் 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவு அவர் படிப்பை இடையில் நிறுத்தியது. புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் 1912இல் அக்கல்லூரியிலிருந்தே மருத்துவராக வெளிவந்தார்.

ஆயினும் பொதுக் கல்வியில் அரசு கொண்டிருந்த பார்வை வேறாக இருந்தது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக்குழு, பெண்களின் தொடக்கப் பள்ளிப் பாடங்கள் ஆண்களின் பாடங்களைவிட எளியனவாக, இல்வாழ்க்கையின் தேவைகளை ஒட்டியனவாக இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘பெண்மதி மாலை’யில் பெண்கல்விக்காக வாதாடி ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மேலான பின்னும் அரசின் அறிக்கை பெண்ணின் கல்வியை அடுக்களையிலிருந்தே அளந்தது. பெண் பயிலலாம், அப்பயிற்சி இல்லத்துக்கோ பிற பெண்டிர்க்கோ பணி செய்வதாக அமைய வேண்டும் என்பதே அன்றைய ஏற்பாடு.

திண்டிவனத்து இரவு

வேலூர் மருத்துவக் கல்லூரியின் தோற்றம் பற்றிய செய்தியை இப்பகுதியில் அறியாதார் இலர். அதன் நிறுவனர் ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவர் பாட்டனார் ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவச் சமயப்பணியாளர். தந்தையாரும் மருத்துவரே. குடும்பத் தொழிலில் நாட்டமின்றி அமெரிக்காவில் வாழ விரும்பிய ஐடா, நோயுற்ற தாயைப் பேண 1890ஐ ஒட்டித் திண்டிவனம் வந்தார். ஓர் இரவில் ஓர் அந்தணர், ஓர் இசுலாமியர், வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து என மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேற்றுவலியில் துடிக்கும் தம் இளமனைவியரைக் காப்பாற்ற அழைத்தனர். மருத்துவரான தந்தையார் வர ஆயத்தமாக இருந்தும், ஆடவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மருத்துவம் அறியாத ஐடாவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விடிவதற்குள் மூவரும் இறந்தனர்.

அவ்விரவே அவரை மருத்துவராக்கியது. கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் அங்கே பயின்று, 1899இல் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். தம் மனைவியின் நினைவாக நியூயார்க்கைச் சேர்ந்த ஒருவர் அளித்த கொடையால், 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் எழுந்தது.

உருக்கமான இவ்வரலாற்றை நாம் மதிக்கிறோம். எனினும் வரலாற்று மாணவர் அதனுள் சொல்லப்படாதவற்றையும் வினவுதல் வேண்டும். அம்மூன்று வீடுகளிலும் பேறு பார்க்கப் பெண்கள் இல்லாமலா இருந்திருப்பர்? தமிழில் ‘மருத்துவச்சி’ என்ற சொல் பேறு பார்ப்பவளையே குறித்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த அக்கைத்தொழில் பல உயிர்களைக் காத்தது. சிக்கலான பேறுகளில் தோல்வியும் கண்டது. காலனிய மருத்துவம் அவளிடமிருந்து கற்கவேண்டியது எதுவும் உண்டு என்று கருதவில்லை. அவளை அறியாமையின் உருவமாகவே எழுதியது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவேட்டையும் முறையான பயிற்சியையும் கொணர்ந்தது. அதனால் நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏட்டறிவு இல்லாத பெண்ணின் தொழில் தாழ்ந்து, ஏட்டறிவு பெற்ற பெண்ணின் தொழில் உயர்ந்தது. ‘மருத்துவச்சி’யும் ‘லேடி டாக்டரு’ம் இரு வேறு உலகினராயினர்.

இன்னொரு வினாவும் உண்டு. திரை எல்லாப் பெண்களுக்கும் உரியதன்று. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறிய தொட்டிகளின் அருகே வாழ்ந்த கூலிக் குடும்பத்துப் பெண்ணுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும் திரை இல்லை, மருத்துவரும் இல்லை. ‘சாதி, கோஷா’ என்ற பெயர்ப்பலகையின்கீழ் அவர்களுக்கு இடம் எது? ஐடா குடியாத்தம் சாலையில் வண்டியில் சென்று மரநிழலில் நடத்திய சாலையோர மருத்துவமே அவ்வினாவுக்கு நடைமுறையில் கிடைத்த விடை எனலாம். எந்தப் பெண்ணின் பெயரால் கதவு திறந்ததோ, அவளல்லாத பெண்களே அங்கு மிகுதியாக வந்து நின்றனர்.

1918: பதினால்வர்

தாம் ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் போதாது என்று உணர்ந்த ஐடா, பெண்களை மருத்துவராக்கும் பள்ளி ஒன்றைத் திட்டமிட்டார். ஆறு பேராவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்று மாகாண மருத்துவத் துறைத் தலைவர் ஐயத்தோடு இசைவளித்ததாக அந்நிறுவன வரலாறு கூறும். விண்ணப்பங்கள் அதனினும் பல மடங்கு வந்தன. ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு 1918 ஆகஸ்டில் பள்ளியைத் திறந்துவைத்தார். பல சபைகள் கூடி நடத்தியமையால் அது ‘யூனியன் மிஷன்’ பெண்கள் மருத்துவப் பள்ளி எனப் பெயர் பெற்றது.

முதல் தேர்வின் முடிவு பலரை வியக்கவைத்தது. மாகாணத்தின் ஆண்கள் மருத்துவப் பள்ளிகளில் தேறியோர் ஐவருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்க, வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினர் என்பது அக்கல்லூரியில் இன்றும் பெருமையுடன் பேசப்பெறும் செய்தி. 1922இல் அவர்கள் பயிற்சி முடித்து வெளியேறினர்.

அவர்கள் பெற்றது பல்கலைக்கழகப் பட்டமன்று, எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்று. ஆடவரும் பயின்ற படிப்புத்தான் அது. ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டப்படிப்பு ஆடவர்க்கு மேற்படியாக இருந்தது போல, வேலூர்ப் பெண்களுக்கு அவ்வூரிலேயே ஏறிச்செல்ல மேற்படி இல்லை. சான்றோடு நிற்பதே அவ்விடத்தின் எல்லை. 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியும் இவ்வாறே. ஆடவர்க்கு எவரும் அதனைப் பரிந்துரைக்கவில்லை. பெண்ணின் இயல்பு என்று கருதப்பெற்ற பொறுமையும் பேணலும் ஒரு தொழிலின் தகுதிகளாயின. செவிலியர் கல்வி வேலூரில் பல்கலைக்கழகப் பட்டமாக உயர 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தோல் நகரங்களின் கொடை

இனி வாணியம்பாடிக்கு வருவோம். பாலாற்று நீரும் ஆவாரம்பட்டையும் இப்பகுதியைப் பதனிட்ட தோலின் நாடாக்கின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல் சென்னை வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப்போரில் படைவீரர் காலணிக்கு இத்தோல் பெரிதும் வேண்டப்பெற்றது. காலனிய வணிகத்தில் ஈட்டிய பொருளை இவ்வூர் இசுலாமிய வணிகர் தம் சமூகத்தின் கல்விக்கு ஈந்தது நன்றியுடன் நினைக்கத்தக்கது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் 1901இல் அமைந்தது. அதன் முயற்சியே 1919இல் கல்லூரியாயிற்று. பிற்காலத்தில் மேல்விசாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் 1965இலும், ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் பெயரால் 1969இலும் கல்லூரிகள் எழுந்தன.

இவை முதற்கண் ஆண்மக்களை எண்ணி எழுந்தவை. வேலூரில் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் 1898இல் அமைத்த ஊரிசுக் கல்லூரியும் ஆண் மாணவர்களை நோக்கியே தொடங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவராகிய இராதாகிருஷ்ணன் அங்குப் பயின்றவர். இவற்றில் மொழி, தத்துவம், வரலாறு, கணிதம் போன்றவற்றை ஓர் இளைஞன் தன் விருப்பத்துக்காகவும் பதவிக்காகவும் பயிலலாம். ‘இதனால் யாருக்குத் தொண்டு செய்வாய்?’ என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. பெண்ணுக்கு அக்கேள்விக்கு விடை இருந்தால்தான் வாயில் திறந்தது. இவ்வேறுபாட்டை ஒரு மதத்தின் மீதோ ஒரு சமூகத்தின் மீதோ சுமத்துதல் தவறு. மிஷன், அரசு, வணிகர் என்னும் முத்திறத்தாரும் இதில் ஒத்த கருத்தினராகவே இருந்தனர்.

சென்னையில் 1914இல் இராணி மேரிக் கல்லூரியும், 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியும் தோன்றிப் பெண்களுக்குக் கலைக்கல்வி அளித்தன. வேலூரை அடுத்த காட்பாடியில் அக்ஸிலியம் கல்லூரி 1954இல் தோன்றியது; வேலூரில் தனபாக்கியம் கிருஷ்ணசாமி முதலியார் பெயர்தாங்கிய பெண்கள் கல்லூரி 1972இல் வந்தது. வாணியம்பாடியில் பெண்களுக்கெனக் கல்லூரிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே எழுந்தன. பிணியாளரின் நாடியைப் பார்க்க வேலூரில் 1918இல் இசைவு பெற்ற பெண், தன் ஊரருகே தனக்கென அமைந்த கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் பயில 36 ஆண்டுகள் காத்திருந்தாள். தமிழ் பயிற்றுவிக்கும் எனக்கு இவ்விடைவெளி ஆறாத வியப்பைத் தருகிறது.

பட்டமும் அதன் விலையும்

1938இல் ஒரு நெருக்கடி நேர்ந்தது. மருத்துவக் கல்வி யாவும் பல்கலைக்கழகப் பட்டமாக உயர வேண்டும், எல்.எம்.பி. படிப்பு முடிவுக்கு வரவேண்டும் என்று சென்னை அரசு முடிவு செய்தது. தரத்தை உயர்த்தும் நல்ல முடிவே அது. எனினும் உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும், கூடுதல் படுக்கைகளும், ஆய்வுக்கூடங்களும் இல்லாத வேலூர்ப் பள்ளிக்கு அது மூடுவிழா அறிவிப்புப்போல் வந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா 1941இல் பொருள் திரட்ட அமெரிக்கா சென்றார்.

அங்கே ஒரு கடும் சிக்கல் எழுந்தது. ஆண்களையும் சேர்க்கும் கல்லூரியானால் பல சபைகள் பொருளுதவிக்கு முன்வரும். ஆனால் வேலூருக்காக நெடுங்காலம் உழைத்த லூசி பீபடி அம்மையார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்காகத் திரட்டிய பணத்தில் எழுந்த நிறுவனம் பெண்களுடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். ஐடா உளம் நைந்து, இறுதியில் கூட்டுக்கல்விக்கு இசைந்தார். நீண்ட நட்பு முறிந்தது. 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது, 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர்.

யார் பக்கம் நியாயம் என்று இன்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஐடா இசையாதிருந்தால் கல்லூரியே இல்லாது போயிருக்கலாம். பீபடியின் அச்சமும் வெற்றச்சமன்று. இதனுள் நாம் காணவேண்டியது ஒன்றுண்டு. சான்றளவில் நின்றவரை அது பெண்களின் நிறுவனமாக இருந்தது. பட்டம் என்னும் உயர்நிலைக்கு ஏறுகையில், ஆடவரையும் உடன்கொண்டே ஏற முடிந்தது. ஆண்களின் கல்லூரிகள் உயர்நிலை பெற, பெண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் நிபந்தனை விதித்ததில்லை.

ஆயினும் தமக்கு இட்ட வரம்புக்குள் பெண்கள் அடங்கியிருக்கவில்லை. விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸ் அம்மையார், பெண்கள் மருத்துவப் பணித்துறையில் உயர்ந்து, விடுதலைக் காலத்தை ஒட்டி வேலூர்க் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். தொண்டுக்கென அழைக்கப்பெற்ற பெண் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றாள்.

இன்றைய வாயில்

வைகறையில் ஆம்பூர் நெடுஞ்சாலையில் நிற்பவர், காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளுக்காகக் கூட்டங்கூட்டமாகக் காத்திருக்கும் பெண்களைக் காணலாம். காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவுகளில் பெண்களே மிகுதி. அவர்களின் பெண்மக்கள் இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் ஒருத்தி என்னிடம் சொன்னது மறக்க இயலாதது. பள்ளியில் வேதியியலில் சிறந்தவள். தோல் தொழில்நுட்பம் பயில விரும்பியவள். “அது ஆம்பளைங்க படிப்பு, டீச்சருக்குப் படின்னு மாமா சொல்லிட்டாரும்மா. எங்கம்மா பதினெட்டு வருஷமா அந்தத் தோலத்தான் தைக்கிறாங்க” என்றாள். தாயின் கை படலாம். மகளின் அறிவு படலாகாது! நான் அப்போது விடை கூறவில்லை. அவள் நன்றாகவே தமிழ் பயின்று தேறினாள். ஆயினும் அவள் வேறு வழியின்றி என் வகுப்புக்கு வந்தவள் என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை.

அந்த மாமன் ஹண்டர் குழுவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ‘சாதி, கோஷா’ என்ற பெயர்ப்பலகையையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ஆசிரியை, செவிலி, பெண்மருத்துவர் என்று நூறாண்டுகளுக்கு முன் வரைந்த பட்டியலே அவர் சொல்லில் ஒலித்தது. அப்பணிகள் எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அவற்றைப் பெண் தானே தேர்ந்துகொள்வதற்கும், அவை மட்டுமே அவளுக்கு உரியவை என்று பிறர் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையே நம் கவலை.

சங்கப் பாடல்களில் பெண்பாற் புலவரைச் சுட்டி மகிழும் நாம், அவர்கள் எவருக்குத் தொண்டு செய்யப் பாடினர் என்று கேட்பதில்லை. அந்த உரிமையை நம் மாணவியர்க்கும் அளித்தல் வேண்டும். பத்தாண்டுகளாக நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுச் செல்லும் இளம்பெண்கள் பலர் உளர். அவர்களிடம் ‘இதைப் படித்து என்ன ஆவாய்?’ என்று வினவுமுன், ‘எதைப் படிக்க விரும்புகிறாய்?’ என்று ஒருமுறை கேட்போமாக. அன்று நான் என் மாணவியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. கேட்டபின் அவள் மாமனிடம் சென்று பேசியிருக்க வேண்டியதும் என் கடனே.